கையால் செய்த மண்பாண்டங்களைப் படமெடுப்பது எப்படி? கொழும்பு வீட்டு யன்னல் வெளிச்சத்தில் ஒரு முழுமையான வழிகாட்டி

திரிகையில் வனைந்து சூளையில் சுட்ட ஒரு கோப்பையைக் கையில் எடுத்தால் அதன் பாரம், விரல் ஓடிய வரி, கிளேஸின் (சூளையில் கண்ணாடி போலாகும் மேற்பூச்சு) வழவழப்பு எல்லாம் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இன்ஸ்டகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ பார்த்து வாங்குகிறவருக்கு அந்த வசதி இல்லை. கை சொல்ல வேண்டியதை எல்லாம் படம்தான் சொல்லியாக வேண்டும். அது பெரும்பாலும் வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது, பாண்டத்தின் மேல் எது பிரதிபலிக்கிறது என்ற இரண்டிலேயே தங்கியிருக்கிறது. கமரா அதற்குப் பிறகுதான். ஒரு யன்னல், ஒரு மேசை, கையில் இருக்கிற போன், புறக்கோட்டையில் வாங்கக்கூடிய சில அட்டைகள் இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: எந்த யன்னல், எந்த நேரம்

வெளிநாட்டு வீடியோக்களில் "வடக்குப் பார்த்த யன்னலில் எடுங்கள்" என்று சொல்வார்கள். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது சரி. கொழும்போ நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 7 பாகைதான் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் இருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாக நிற்கும். மிச்ச மாதங்களில் தெற்குப் பக்கம். ஆகவே சித்திரைப் புத்தாண்டு கழிந்தால் தெற்கு யன்னல், செப்டெம்பர் பிறந்து கொஞ்ச நாள் போனால் வடக்கு யன்னல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். வெயில் நேரே விழாமல் வானத்து வெளிச்சம் மட்டும் உள்ளே வரும் யன்னல்தான் நமக்கு வேண்டியது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடலோர மாடி வீடுகளில் பெரிய யன்னல் மேற்கே கடலைப் பார்த்திருக்கும். அங்கே காலை முழுவதும் அருமையான வெளிச்சம். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வெயில் உள்ளே பாய்ந்துவிடும், கடையைக் கட்ட வேண்டியதுதான். கடற்காற்றின் உப்பு படிந்து மங்கிய கண்ணாடி வெளிச்சத்தைக் கொஞ்சம் மென்மையாக்கும். ஏன் துடைக்கவில்லை என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லிக்கொள்ளலாம்.

கொட்டாஞ்சேனை மாதிரி நெருக்கமான தெருக்களில் வேறு சிக்கல். எதிர்வீட்டுச் சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தால் உங்கள் வெள்ளைக் கிண்ணமும் மஞ்சளாகும். பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரை இன்னும் மோசம். கீழே இருந்து ஏறும் அந்தச் சிவப்பு, பாண்டத்தின் வயிற்றுப் பகுதியில் ஒட்டிக்கொள்ளும், எடிட்டிங்கிலும் சுலபத்தில் போகாது. மேசையைச் சுற்றித் தரையில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டுவிடுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வானம் முழுக்க முகில் மூடிய நாளைக் கெட்ட நாளென்று நினைக்காதீர்கள், காசு கொடுத்தாலும் அவ்வளவு பெரிய வெளிச்சத்திரை கிடைக்காது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடியோடு மழை இறங்கும் என்பதால் காலையிலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது.

அறை விளக்குகள் எல்லாவற்றையும் அணையுங்கள். யன்னல் வெளிச்சமும் மின்குமிழ் வெளிச்சமும் வெவ்வேறு நிறம். இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஒரே கோப்பையில் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் செம்மஞ்சள் வரும். எந்தக் கமராவாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

படி 2: பாண்டத்தைத் தயார்படுத்துதல்

கண்ணுக்குத் தெரியாத தூசி படத்தில் பளிச்சென்று தெரியும். கிளேஸ் போட்டதை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, அடியில் பிடித்தே தூக்கி வையுங்கள், கைரேகை விழாது. விலை ஸ்டிக்கரின் பசையையும் பாருங்கள்.

கிளேஸ் போடாத சுடுமண்ணை ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். மண் நீரை உறிஞ்சித் திட்டுத் திட்டாகக் கறுக்கும், காய நேரமெடுக்கும். மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. அந்த நிறத்தை நம்பி வாங்குகிறவர் வீட்டில் பெட்டியைத் திறந்தால் வேறொரு சட்டியைத்தான் பார்ப்பார்.

ஏசி அறையில் இருந்த பாண்டத்தையோ கமராவையோ உடனே பல்கனிக்குக் கொண்டுபோகாதீர்கள். கொழும்பின் ஈரக்காற்றில் லென்ஸும் கிளேஸும் ஒன்றாக வேர்த்துவிடும். கமராவைப் பைக்குள் மூடியபடியே வெளியே வைத்து, அரை மணித்தியாலம் விட்டு எடுங்கள்.

படி 3: பின்னணி

ஒரு பெரிய அட்டையின் மேல் விளிம்பைச் சுவரில் ஒட்டி, கீழ்ப்பகுதியை மேசை மேல் வளைத்து இறக்குங்கள். மடிப்பு விழக் கூடாது, வளைவாகவே வர வேண்டும். அப்போதுதான் மேசையும் சுவரும் சேரும் கோடு படத்தில் தெரியாது. கோப்பை, கிண்ணத்துக்குச் சாதாரண பிரிஸ்டல் போட் போதும். பொங்கல் பானை அளவுக்குப் போனால் மினுக்கமில்லாத துணி வேண்டும். மெயின் ஸ்ட்ரீட் பக்கத் துணிக்கடைகளில் முரட்டுப் பருத்தித் துணி வாங்கி, நன்றாக அயர்ன் பண்ணிக் கொள்ளுங்கள்.

நிறம் என்று கேட்டால் நான் இடைப்பட்ட சாம்பலைத்தான் சொல்வேன். சுடுமண் சிவப்பு, பச்சை கிளேஸ், கறுப்பு, வெள்ளை எல்லாவற்றுக்கும் அது ஒத்துப்போகும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளைக் கிண்ணத்தை வைத்தால் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. சில விற்பனைத் தளங்கள் வெள்ளைதான் வேண்டும் என்று கேட்கும். அப்போது பாண்டத்தின் இரண்டு பக்கமும், படத்துக்குள் வராத தூரத்தில், கறுப்பு அட்டை ஒவ்வொன்றை நிறுத்துங்கள். விளிம்பில் மெல்லிய கருங்கோடு விழுந்து உருவம் பிரிந்து நிற்கும்.

பாண்டத்தைப் பின்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது முன்னால் இருக்கட்டும். நிழல் பின்னணியில் விழாது, அட்டையின் கீறலும் மங்கிவிடும். பின்னணி மேலே போகப் போக இருளும் அந்தக் கண்காட்சிப் பட அழகு வேண்டுமா? யன்னலுக்கும் பின்னணியின் மேற்பாதிக்கும் இடையில் ஓர் அட்டையைப் பிடித்து அங்கே விழும் வெளிச்சத்தை மட்டும் மறையுங்கள்.

படி 4: வெளிச்சமும் பிரதிபலிப்பும்

மற்ற எல்லாப் படிகளையும் அவசரமாகச் செய்தாலும் இங்கே மட்டும் நேரம் எடுங்கள்.

யன்னல் பாண்டத்துக்கு ஒரு பக்கமாக இருக்க வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பானை தட்டையாகி, வட்டமாக வெட்டிய கடதாசி போலத் தெரியும். பக்கத்தில் இருந்து வரும் வெளிச்சம் ஒரு ஓரத்தில் பிரகாசமாகத் தொடங்கி மெல்ல மெல்ல இருளும்போதுதான் வயிற்றின் உருட்சி கண்ணுக்குப் புலப்படும். மறுபக்கம் அளவுக்கு மீறி இருண்டால் அங்கே ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையை நிறுத்துங்கள். கிட்டக் கொண்டுவந்தால் நிழல் வெளுக்கும், தள்ளி வைத்தால் ஆழமாகும். நிழலை முழுதாகக் கொன்றுவிடாதீர்கள். நிழல் இல்லாத பானைக்கு உருண்டை கிடையாது.

கிளேஸ் போடாத சட்டிக்கு வெளிச்சத்தை இன்னும் பின்பக்கமாகத் தள்ளலாம். கேகாலைக்குக் கிட்ட, கண்டி வீதியோரம் மொலகொடவில் அடுக்கி வைத்திருக்கும் கறிச்சட்டிகளில் ஒன்றை எடுத்து யன்னலோரம் வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நேரே வெளிச்சம் பட்டால் ஒரே செங்கல் நிறம். வெளிச்சம் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு போகும் கோணத்துக்கு வந்தவுடன் விரல் இழுத்த வளையங்கள், மணல் பருக்கள், துணியால் வழித்த தடம் எல்லாம் எழுந்து நிற்கும்.

கிளேஸ் போட்டதுதான் சண்டித்தனம் பண்ணும். அது வளைந்த ஒரு கண்ணாடி மாதிரி, முன்னால் இருப்பதையெல்லாம் தனக்குள் வாங்கிவிடும். ஒரு கறுப்புத் தேனீர்க் கோப்பையை யன்னலோரம் வைத்து, லென்ஸ் இருக்கும் இடத்தில் உங்கள் கண்ணை வைத்துப் பாருங்கள். தோள் பகுதியில் குட்டி யன்னல் ஒன்று தெரியும், அதற்குள் இரும்புக் கிரிலின் ஒவ்வொரு கம்பியும் எண்ணலாம் போல வளைந்து நிற்கும். கீழே தரையின் சிவப்பு. நடுவில் போனைத் தூக்கிப் பிடித்த நீங்கள், சட்டை நிறத்தோடு.

இவற்றை ஒவ்வொன்றாக அகற்ற வேண்டும். யன்னலை ட்ரேசிங் பேப்பரால் மூடுங்கள், இல்லாவிட்டால் மெல்லிய வெள்ளைத் திரைச்சீலை. கம்பிகள் மறைந்து யன்னல் முழுவதும் ஒரே வெள்ளைப் பரப்பாகிவிடும், கோப்பையில் விழும் பிரதிபலிப்பும் நீளமான ஒற்றை வெண்பட்டையாக மாறும். அந்தப் பட்டையை அழிக்க நினைக்காதீர்கள். கிளேஸ் பளபளப்பானது என்று பார்ப்பவருக்குச் சொல்வது அது ஒன்றுதான். அது நேராக இறங்கினால் சுவர் வழவழப்பாக இருக்கிறது என்று அர்த்தம், அங்கங்கே நெளிந்தால் திரிகையில் விரல் விட்ட வரிகள் அதற்குள் தெரிகின்றன. எங்கே விழ வேண்டும் என்று மட்டும் நீங்கள் தீர்மானியுங்கள். ஓவியம் தீட்டிய இடத்துக்கு மேல் விழுந்தால் பாண்டத்தையோ மேசையையோ சற்றுத் திருப்பினால் நகர்ந்துவிடும். வெளிச்சம் எந்தக் கோணத்தில் படுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும் என்ற பள்ளிக்கூட விஞ்ஞானம் இங்கே நேரடியாக வேலை செய்கிறது.

உங்கள் உருவம் தெரியாமல் இருக்கக் கறுப்போ கரும்சாம்பலோ உடுத்துங்கள். அதோடு ஒரு கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்குத் துளையிட்டு அதன் வழியாக எடுக்கலாம்.

லென்ஸில் மாட்டும் போலரைஸர் என்ற சுழலும் வடிகண்ணாடி கிளேஸின் பிரதிபலிப்பைக் குறைக்கும். சுழற்றிக்கொண்டே பார்த்தால் ஒரு நிலையில் கிளேஸின் உண்மை நிறம் அடியில் இருந்து மேலே வருவது தெரியும். தட்டுகளைச் சாய்வாக எடுக்கும்போது மிகவும் உதவும். ஆனால் வெளிச்சத்தில் முக்கால் பங்கு வரை அது விழுங்கிவிடும், தங்கம் பூசிய விளிம்புகளிலும் பெரிதாக எதுவும் செய்யாது. முதலில் அட்டைகளை வைத்துப் பழகுங்கள். போலரைஸர் பிறகு வாங்கலாம்.

இரவில்தான் நேரம் கிடைக்கும் என்றால் எல்இடி விளக்கு. பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95 அல்லது அதற்கு மேல், நிறவெப்பம் 5000 முதல் 5600 கெல்வின் என்று போட்டிருப்பதை எடுங்கள். விளக்கை நேரே காட்டாமல் ட்ரேசிங் பேப்பர் கட்டிய ஒரு சட்டத்துக்குப் பின்னால் வைத்தால் அதுவே ஒரு யன்னல்.

படி 5: கமராவை எங்கே வைப்பது

போனைக் கிட்டக் கொண்டுபோய் எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. போனின் சாதாரண லென்ஸ் அகன்ற கோணம் கொண்டது. கிட்டப் போனால் கோப்பையின் வாய் வீங்கி அடி சூம்பிவிடும். இரண்டு அடி பின்னே போய் 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸில் எடுங்கள். கமரா வைத்திருப்பவர்கள் முழுச் சட்டக (ஃபுல் ஃப்ரேம்) கமரா அளவில் 70 முதல் 100 மில்லிமீற்றர் குவியத் தூரம் வரை போகலாம்.

உயரம் பாண்டத்தைப் பொறுத்தது. கோப்பைக்கு லென்ஸ் அதன் வாயை விடச் சற்று உயரத்தில், உள்ளே கொஞ்சம் தெரியும் அளவுக்கு. கிண்ணத்துக்கு 30 முதல் 45 பாகை வரை மேலே. தட்டுக்கு ஏறக்குறைய நேர் மேலே. உயரமான பூச்சாடிக்கு அதன் நடு உயரத்தில் லென்ஸை நேராகப் பிடியுங்கள், இல்லாவிட்டால் சாடி மேலேயோ கீழேயோ குறுகித் தெரியும். கோப்பையின் கைபிடி நேர்ப் பக்கமாக நீட்டிக்கொண்டிருப்பதை விட, கடிகாரத்தின் நான்கு மணிப் பக்கம் திரும்பியிருந்தால் அதன் தடிப்பும் வளைவும் சேர்ந்து விளங்கும்.

முக்காலி வேண்டும். இல்லையென்றால் புத்தக அடுக்கு.

படி 6: செட்டிங்ஸ்

கமராவில் லென்ஸ் துவாரம் எஃப் 8 முதல் எஃப் 11 வரை. முன் விளிம்பில் இருந்து கைபிடி வரை தெளிவாக இருக்கும். வெளிச்ச உணர்திறன், அதாவது ஐஎஸ்ஓ, 100. ஷட்டர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் கவலையில்லை, பானை எழுந்து ஓடாது. இரண்டு செக்கன் டைமர் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், பின்னணித் துணி ஆடும்.

போனில், பாண்டத்தின் முன் வயிற்றில் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்ச அளவும் பூட்டப்படும். பிறகு விரலை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். கறுப்புப் பாண்டத்தைப் போன் வெளுப்பாக்கிவிடும், அதைக் குறையுங்கள். வெள்ளையை மங்கலாக்கிவிடும், அதைக் கூட்டுங்கள். வெண்பட்டையைத் தவிர வேறெங்கும் முழுசாக வெளுத்துப் போகக் கூடாது. சுடுமண்ணில் இன்னொரு எச்சரிக்கை. படம் பார்க்கச் சரியாக இருந்தாலும் சிவப்பு மட்டும் எல்லையைத் தாண்டி, வரிகள் எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகியிருக்கலாம். கொஞ்சம் இருட்டாக எடுத்துப் பிறகு கூட்டுவது பாதுகாப்பு.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம். கைபிடியின் ஓட்டைக்குள்ளே எது பாண்டம், எது பின்னணி என்று போனுக்கே விளங்காமல் விளிம்பைக் கடித்துவிடும்.

படி 7: நிறம்

வாங்கிய பிறகு வரும் முறைப்பாடுகளில் பல நிறம் பற்றியவை. கடல் மாதிரி பச்சை என்று நினைத்து வாங்கினேன், வந்தது சாம்பல் என்பார்கள். ஆகவே முதல் படத்தில் பாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரே கார்டை (நிறச் சாயல் இல்லாத சாம்பல் அட்டை) வைத்து எடுங்கள். எடிட்டிங்கில் நிறச் சாயலைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸ் கருவியால் அந்தச் சாம்பலைத் தொட்டு, அதே அளவை மற்றப் படங்களுக்கும் போடுங்கள். ஏ4 தாளை நம்ப வேண்டாம், வெள்ளையாகக் காட்ட அதில் சேர்க்கும் பொருள் லேசாக நீலம் அடிக்கும். கிரே கார்ட் கைவசம் இல்லையா? தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லோன் டேப்பை ஒரு அட்டையில் பல மடிப்பாகச் சுற்றி வையுங்கள். ஹார்ட்வெயார் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், நிறமும் நடுநிலையானது.

எடிட் பண்ணும்போது திரையின் இரவு மோட், கண் பாதுகாப்பு மோட், 'விவிட்' நிறம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பாண்டத்தைப் பக்கத்தில் வைத்து, யன்னல் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். வைட் பேலன்ஸ், வெளிச்சம், சாய்வு, வெட்டு இந்த நான்கோடு நின்றுவிடலாம். ஃபில்டர் போடவே கூடாது.

படி 8: என்னென்ன படங்கள்

பிரதான படம் ஒன்று, நேர்ப் பக்கம் ஒன்று, மேலிருந்து உள்பக்கம் ஒன்று. அடுத்தது பலர் மறப்பது, அடி. கிளேஸ் முடிந்து மண் தெரியும் கோடு, வெட்டிய அடி வளையம், செய்தவரின் முத்திரை எல்லாம் அங்கேதான். கையால் செய்தது என்பதற்கு அதை விட நல்ல சாட்சி இல்லை. பிறகு ஒரு கிட்டப் படம், கிளேஸ் வடிந்து தடித்து நின்ற இடமாகப் பார்த்து எடுங்கள். ஊசித்துளையோ சிறு வெடிப்போ இருந்தால் அதற்கும் தனிப் படம் எடுத்துப் போடுங்கள்.

அளவு காட்டக் கையில் பிடித்த படம் ஒன்று கட்டாயம். "அக்கா, இது எவ்வளவு பெரிசு?" என்ற கேள்வி பாதியாகக் குறையும்.

பயன்பாட்டுப் படத்தில் அடக்கம் தேவை. கறுவாப்பட்டை, காய்ந்த பூ, திறந்த புத்தகம் எல்லாவற்றையும் கோப்பையைச் சுற்றிப் பரப்புவது எனக்குப் பிடிக்காது, எதை விற்கிறார்கள் என்றே தெரியாமல் போய்விடும். அந்தப் பாண்டத்துக்கு உரிய ஒரு பொருள் போதும். தயிர்ச் சட்டி என்றால் எருமைத் தயிரும் மேலே கித்துள் பாணியும். பாணி தயிரில் இறங்கிக் கலங்குமுன் எடுத்துவிட வேண்டும், ஆகவே எல்லாவற்றையும் வெறும் சட்டியில் சரிபார்த்த பிறகே ஊற்றுங்கள். கோப்பையில் பிளேன் டீ என்றால் விளிம்புக்குச் சற்றுக் கீழ் வரை நிரப்புங்கள், அரைக் கோப்பை இருண்ட குழியாகத்தான் விழும். ஆவி தெரிய வேண்டுமென்றால் பின்னணி இருட்டாக, வெளிச்சம் பின்பக்கச் சாய்வில் இருக்க வேண்டும்.

செட்டாக விற்பதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஒரு படம். ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடும் என்பது வாங்குகிறவருக்கு முன்கூட்டியே தெரியட்டும்.

படி 9: அனுப்புதலும் பதிவேற்றுதலும்

படத்தைச் சேமிக்கும்போது நிற வெளி, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபியாக (sRGB) இருக்கட்டும், மற்றவை சில திரைகளில் மங்கித் தெரியும். இன்ஸ்டகிராமுக்கு 1080க்கு 1350 பிக்சல், நிமிர்ந்த வடிவம். எட்சி (Etsy) என்ற கைவினை விற்பனைத் தளத்தில் குறுகிய பக்கம் 2000 பிக்சலுக்குக் குறையாமல் இருந்தால் பெரிதாக்கிப் பார்க்கலாம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். முக்கியமான வாடிக்கையாளருக்கு டொக்கியுமென்டாக அனுப்புங்கள்.

லென்ஸைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கொழும்பின் ஈரத்தில் அலுமாரிக்குள் சும்மா கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது சர்வ சாதாரணம்.

படத்தோடு போடும் குறிப்பில் உயரமும் வாய் அகலமும் சென்டிமீற்றரில், கொள்ளளவு மில்லிலீற்றரில், எடை கிராமில் எழுதுங்கள். மைக்ரோவேவில் வைக்கலாமா, அடுப்பில் ஏற்றலாமா என்பதையும் சேருங்கள். எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள்.